ஸ்கூல் போர்டுக்கு நிற்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது

அன்புள்ள ஆசிரியருக்கு,

கலிபோர்னியாவில் நம்மவர்கள் ஸ்கூல் போர்டுக்கும் (பொதுப் பள்ளிகளை நிர்வகிக்க மக்கள் தேர்ந்தெடுக்கும் குழு) மாநில அசெம்பிளிக்கும் (மாநிலச் சட்டமன்றத்தின் கீழவை) நிற்க முன்வர வேண்டும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரை நல்ல உற்சாகம் தந்தது. ஆனால் மேடைப் பேச்சையும் வீடு வீடாகப் போவதையும் விரிவாக எழுதியவர், அதற்கு முந்தைய காகித வேலையை ஒரே வரியில் தாண்டிவிட்டார். முதல் முறை நிற்பவர்கள் சறுக்குவது அங்கேதான்.

முதல் கேள்வி முகவரி. 2002-இல் கையெழுத்தான மாநில வாக்குரிமைச் சட்டத்துக்குப் பிறகு பல பள்ளி மாவட்டங்கள் (ஒரு போர்டின் கீழ் வரும் எல்லை) ஒரு உறுப்பினருக்கு ஒரு பகுதி என்று பிரிக்கப்பட்டுவிட்டன. அந்தப் பகுதிக்குள் குடியிருந்து, அங்கேயே வாக்காளராகப் பதிந்தவர்தான் அந்த இடத்துக்கு நிற்க முடியும். பதவிக்காலம் நான்கு ஆண்டு. எல்லா இடங்களும் ஒரே தடவையில் தேர்தலுக்கு வருவதில்லை. உங்கள் பகுதிக்கு இந்த வருஷம் தேர்தலே இல்லாமல் போகலாம். கவுண்டி தேர்தல் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். அதே மாவட்டத்தில் வேலை பார்ப்பவர் நிற்கத் தடையில்லை. ஜெயித்தால் பதவியேற்குமுன் வேலையை விட்டாக வேண்டும்.

2026 நவம்பர் 3 ஸ்கூல் போர்டு தேர்தலுக்கு வேட்புமனு கொடுக்கும் காலம் ஜூலை 13 முதல் ஆகஸ்ட் 7 வரை. இப்போது பதவியில் இருப்பவர் மனு போடாவிட்டால் மட்டும், மற்றவர்களுக்கு ஆகஸ்ட் 12 வரை நீளும்.

மனுவோடு ஒரு சின்ன விஷயம் இருக்கிறது: வாக்குச்சீட்டில் பெயருக்குக் கீழே வரும் தொழில் விவரம். அதிகபட்சம் மூன்று சொல். பிரசாரமே கண்ணில் படாத வாக்காளர் உங்களைப் பற்றிப் படிக்கப்போவது அந்த மூன்று சொல்லைத்தான். நோட்டீஸுக்கு மாதக்கணக்கில் யோசிக்கிறவர்கள் இதை கவுன்டரில் நின்றபடி எழுதிக் கொடுக்கிறார்கள்! உண்மையான முக்கியத் தொழிலாக இருக்க வேண்டும். 'சிறந்த', 'முன்னாள்' போன்ற அடைமொழி ஆகாது. 'ஆர்வலர்', 'வரி செலுத்துபவர்' இரண்டும் தொழில் அல்ல. இதற்கென்று தனி விளக்கப் படிவம் உண்டு. அதைக் கொடுக்காவிட்டால் அந்த இடம் காலியாகவே அச்சாகும். கொடுத்த பிறகும் பத்து நாள் பொதுப் பார்வைக்கு வைப்பார்கள். எதிராளி கோர்ட்டுக்குப் போகலாம்.

வாக்காளர் கையேட்டில் வரும் 200 சொல் அறிக்கை (சில மாவட்டங்களில் 400) கட்டாயமில்லை. கட்சியைப் பற்றியோ எதிராளியைப் பற்றியோ அதில் ஒரு வார்த்தை வரக்கூடாது. கொடுத்தபின் திருத்த முடியாது. மனுக் காலம் முடிந்த மறு வேலைநாள் மாலை 5 மணிக்குள் வேண்டுமானால் திரும்பப் பெறலாம். பல மாவட்டங்களில் அச்சுச் செலவு வேட்பாளர் தலையில்தான் விழுகிறது; பெரிய மாவட்டமென்றால் ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும். விண்ணப்பிக்கும் முன் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது பணம். நம் சமூகத்தில் அதிகம் குழப்பம் நடக்குமிடம் இது. 'நான் நிற்கப் போகிறேன்' என்று அறிவிக்கும் படிவம் 501 கொடுக்காமல் யாரிடமும் ஒரு டாலர் கேட்கவோ வாங்கவோ கூடாது. வசூல் 2,000 டாலரைத் தொட்டால் பத்து நாளுக்குள் படிவம் 410 கொடுத்துப் பிரசாரக் குழுவைப் பதிய வேண்டும். 100 டாலரோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. 100 டாலரோ அதற்கு மேலோ கொடுத்த ஒவ்வொருவரின் பெயர், முகவரி, தொழில், வேலை கொடுப்பவர் எல்லாம் கணக்கில் இருக்க வேண்டும். ஆகவே 'பாட்லக்' (ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும்) விருந்தில் உண்டியல் குலுக்கும் யோசனையை விட்டுவிடுங்கள்.

எச்-1பி வேலை விசாவில் இருக்கும் நண்பர் ஐம்பது டாலர் நீட்டினாலும் வாங்கக் கூடாது. வெளிநாட்டுக் குடிமக்களின் நன்கொடைக்கான மத்தியத் தடை ஸ்கூல் போர்டு வரைக்கும் பொருந்தும். ஊரிலிருந்து மாமா அனுப்பும் பணமும் இதில் அடக்கம். கிரீன் கார்டு உள்ளவர் கொடுக்கலாம், ஆனால் தேர்தலில் நிற்க முடியாது. எச்-1பிகாரர் சம்பளம் வாங்காமல் கதவு தட்டவும் போன் பேசவும் வரலாம். பணத்தை எங்கே செலவழிப்பது என்ற முடிவில் தலையிடக் கூடாது. வரிவிலக்குப் பெற்ற தமிழ்ச் சங்கமும் ஒரு வேட்பாளரை ஆதரித்து மேடையில் பேசவோ, உறுப்பினர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பவோ கூடாது. செயலாளர் உங்கள் மச்சானாகவே இருந்தாலும் பொங்கல் விழா மைக்கைக் கேட்காதீர்கள்.

அசெம்பிளி வேறு அளவு. ஒரு தொகுதியில் ஏறக்குறைய ஐந்து லட்சம் மக்கள். தொகுதி வாக்காளர் 40 முதல் 60 பேர் மனுவில் கையெழுத்திட வேண்டும்; 60-க்கு மேல் தர முடியாது. தொகுதிக்கு வெளியே உள்ளவரின் கையெழுத்து செல்லாமல் போகும் என்பதால் 40-இலேயே நிறுத்துவது ஆபத்து. மனுக் கட்டணம், பதவியின் ஆண்டுச் சம்பளத்தில் ஒரு சதவீதம். முதற்கட்டத் தேர்தலில் (பிரைமரி) கட்சி பார்க்காமல் முதல் இரண்டு இடம் பிடித்தவர்களே நவம்பருக்குப் போவார்கள். 2026-இல் அந்த முதற்கட்டம் ஜூன் 2. அதற்கு மனுவின் கடைசி நாள் மார்ச் 6. கோடையில் மனுப் போடலாம் என்று கட்டுரையில் இருப்பது ஸ்கூல் போர்டுக்கு மட்டும்தான் சரி. அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சான் ஹோசே வாசகர்