மில் ஓனருங்களே, புரோக்கருக்கு ஆளுக்கு இவ்வளவுன்னு கமிஷன் குடுக்கறதை நிறுத்துங்க

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோட்டு ஸ்பின்னிங் மில் ஓனருங்களுக்கு வணக்கமுங்க.

பல்லடம் பக்கம் ஒரு மில்லுல, வருகைக் கணக்கு பாக்கற டைம் ஆபீஸ்ல இருந்தவன் எழுதறேன். மில்லு பேரு வேண்டாம், பக்கத்து மில்லுலயும் இதே கதைதான்.

ஆள் கடத்தல்னு சொன்னா உங்களுக்குக் கோவம் வருது, சோறு போட்டு ரூம் குடுத்து வெச்சிருக்கறோம், கடத்திட்டா வந்தோம்ங்கறீங்க. நெசந்தான், உங்க மில்லுல வேலை பாக்கற புள்ளைங்க ஒடிசாவுலயும் ஜார்கண்டுலயும் ட்ரெயின் ஏறுனது சொந்தக் கால்லதான். ஆனா புரோக்கர் சொன்ன சம்பளம் வேற, கைக்கு வர்றது வேற, நடுவுல டிக்கெட்டு, வீட்டுக்குக் குடுத்த அட்வான்ஸ், மெஸ்ஸு, ஹாஸ்டல்னு கழிச்சுக்கிட்டே இருக்காங்க, கணக்கு தமிழ்ல இருக்கறதால அதுங்களுக்கு ஒண்ணும் புரியாது. ஆபீஸ் டிராயர்ல ஆதாரை எல்லாம் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வெச்சிருப்பாங்க, கேட்டா "தொலைச்சுப்போடுவாங்க". ஞாயித்துக்கிழமை சந்தைக்குப் போனா வார்டனும் கூடவே போகும்.

சட்டம் பாக்கறதே இதைத்தானுங்க. ஆசை காட்டி, ஏமாத்திக் கூட்டியாந்து சொரண்டுனா, அந்தாளு சம்மதிச்சே வந்திருந்தாலும் கடத்தல்தான், முன்ன இந்திய தண்டனைச் சட்டத்துல 370வது பிரிவு, 2024 ஜூலையிலிருந்து அதுக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல 143. குறைஞ்சபட்சக் கூலிக்குக் கீழ குடுத்து வாங்கற வேலை கட்டாய வேலைன்னு சுப்ரீம் கோர்ட்டு 1982லயே சொல்லிருச்சு. வழிச்செலவு காண்ட்ராக்டர் தலையிலன்னு, 2025 நவம்பர் வரைக்கும் இருந்த 1979 வெளிமாநிலத் தொழிலாளர் சட்டமே சொல்லுச்சு.

இது இன்னைக்கு நேத்து வந்ததா என்ன? சுமங்கலித் திட்டம்னு மதுரை, தேனி, ராமநாதபுரத்துப் புள்ளைங்களைக் கூட்டியாந்து, 3 வருசம் முடிச்சா கல்யாணத்துக்கு மொத்தமா 30,000, 40,000னு சொன்னீங்க, நடுவுல ஒடம்புக்கு முடியாம ஊருக்குப் போனவளுக்கு அதுவும் இல்லைன்னு ஆச்சு. பேரு கெட்டதும் பேரை மாத்துனீங்க, அப்பறம் ஆளை மாத்துனீங்க, முறையை மாத்தலைங்க.

முடிச்சு கமிஷன்லதான் இருக்குது. சில மில்லுல அந்தப் புள்ளை வேலையில இருக்கற வரைக்கும் மாசாமாசம் புரோக்கருக்குப் போகுது, அப்பறம் அவன் அவளை ஊருக்கு விடுவானா? நீங்களும் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில மாடு புடிச்சவன் கயித்தை விடாத மாதிரி கேட்டைப் பூட்டிக்கறீங்க.

பஞ்சு வெலை, கரண்டு பில்லு, ஆள் பஞ்சம் எல்லாம் எனக்கும் தெரியுமுங்க. சரக்கு வாங்கற பையர் கம்பெனிக்காரங்க ஆடிட்டுக்கு வர்ற அன்னைக்கு மட்டும் எல்லாம் ஒழுங்கா நடக்குதே, அப்ப முடியாதுன்னு இல்லையல்ல. சங்கத்து மீட்டிங்ல இதை எடுங்க: தலைக்குக் கமிஷன் கெடையாது, டிக்கெட்டு மில்லு செலவு, சம்பளம் மாசாமாசம் அவங்க பேங்க் அக்கவுண்டுக்கு, சம்பளச் சீட்டு ஒடியாவுலயும் இந்தியிலயும். கலெக்டர் ஆபீஸ்காரங்க ஹாஸ்டலுக்கே வந்து கொத்தடிமை விடுவிப்புச் சான்று எழுதற அளவுக்கு விட்றாதீங்க.