எண்ணிக்கை மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பாதுகாக்கப்பட்ட பூங்காக்கள் குறித்த செய்திகளில் விலங்குகளின் எண்ணிக்கை மட்டுமே பெரிதாகப் பேசப்படுவது எனக்கு நீண்ட நாள் வருத்தம். எண்ணிக்கை கூடிவரும்போதே ஓடைநீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைந்துகொண்டும், அயல் தாவரங்கள் புல்வெளியை மூடிக்கொண்டும் இருக்கலாம்.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவிலுள்ள ஏரியில், அங்கு இயல்பாக இல்லாத ஏரி டிரவுட் மீன் புகுந்திருப்பது 1994-இல் கண்டறியப்பட்டது. அது அந்த ஏரியில் இயல்பாக வாழும் கட்த்ரோட் டிரவுட் மீன்களைத் தின்று குறைத்தது. கட்த்ரோட் மீன்கள் முட்டையிட ஆழமற்ற ஓடைகளுக்கு ஏறி வந்து கரடிகளுக்கு இரையாகிவந்தன. புதிய மீனோ ஏரியின் ஆழத்திலேயே தங்கிவிடுவதால் கரடிகளுக்கு எட்டவில்லை. கரையில் நின்று பார்ப்பவருக்கு இந்த மாற்றம் எதுவும் தெரியாது.

ஆகவே நீர், மண், காற்று, தாவரங்கள், உயிரினங்கள் ஆகியவற்றின் நிலையை, முன்பே வரையறுத்த ஓர் அடிப்படை நிலையோடு ஒப்பிட்டு, அதே இடங்களில், அதே முறையில், குறித்த இடைவெளியில் அளக்க வேண்டும். போதிய தரவு இல்லாதவற்றை அவ்வாறே அறிக்கையில் வெளிப்படையாகக் குறிப்பிடுவதையே நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஏனெனில், அளக்காமல் விட்டதை நலமாக இருப்பதாக எண்ணிவிடுவது எளிது. இந்த அறிக்கைகளைப் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிடுமாறு பூங்கா நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்