எங்களுக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள்: ஐபிசிசி அறிவியலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அறிவியலாளர்களுக்கு,

வணக்கம். காலநிலை மாற்றம் பற்றிய அறிவியலைத் தொகுத்து மதிப்பிடும் ஐ.நா. குழுதான் ஐபிசிசி. அதன் ஏழாவது மதிப்பீட்டு அறிக்கைக்கான வேலையில் நீங்கள் மூழ்கியிருக்கும் நேரம் இது. இதற்கு நடுவில் ஒரு கோரிக்கை. பெரிதாக ஒன்றுமில்லை, ஒரே ஒரு பக்கம்தான் கேட்கிறேன்.

உங்கள் அறிக்கைகளில் வெளியுலகம் அதிகம் புரட்டிப் பார்ப்பது 'கொள்கை வகுப்போருக்கான சுருக்கம்'. அமைச்சர்களும் அதிகாரிகளும் படிக்க வேண்டியது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த விஷயத்தில் அமைச்சரைவிடக் குழம்பிப்போயிருப்பது சாதாரண மனிதர். காலையில் 'உலகம் அழியப்போகிறது' என்று செய்தியில் கேட்கிறார். மாலையில் 'பூமி எப்போதும் சூடாவதும் ஆறுவதுமாகத்தான் இருந்திருக்கிறது, பயப்படாதே' என்று கைப்பேசியில் ஒரு காணொளி வருகிறது. அவருடைய கேள்வி ரொம்ப எளிது: நான் கவலைப்பட வேண்டுமா, வேண்டாமா? வேண்டுமென்றால் எதை நினைத்து?

ஆயிரக்கணக்கான பக்கங்களில் இதற்கு நேர்ப்பதில் கிடைப்பதில்லை. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளைத் தொகுத்துப் போடுகிறீர்கள், தெரியும். ஆறாவது அறிக்கையின் முதல் பாகத்துக்கு 'அனைவருக்குமான சுருக்கம்' என்று ஒன்றுகூட வந்தது. நல்ல முயற்சிதான். ஆனால் அதுவும் பூமிக்கு என்ன ஆகிறது என்று சொல்வதோடு நின்றுவிடுகிறது. படிக்கிறவர் தன் கவலையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று சொல்வதில்லை.

என்னைக் கேட்டால், கவலைப்படத்தான் வேண்டும். ஆனால் இன்று மக்கள் படும் கவலையில் பாதி தப்பான இடத்தில் கிடக்கிறது. அப்படிக் கிடப்பதில் உங்கள் பங்கும் கொஞ்சம் உண்டு.

முதலில் அந்த ஒன்றரை டிகிரி. தொழில்யுகத்துக்கு முன்பிருந்ததைவிட உலகச் சராசரி வெப்பம் இதற்கு மேல் ஏறாமல் பார்க்க முயல்வோம் என்று பாரிஸ் ஒப்பந்தத்தில் நாடுகள் சொன்ன அளவு அது. 'காலைக்கும் மதியத்துக்கும் பத்து டிகிரி வித்தியாசம் இருக்கிறது, ஒன்றரை டிகிரிக்கா இந்தப் பாடு?' என்று கேட்பவரை யாரும் முட்டாள் என்று நினைக்கக்கூடாது. கேள்வி நியாயமானது. பதில் உங்களிடமே இருக்கிறது, எடுத்துப் போடத்தான் ஆள் இல்லை. தொழில்யுகத்துக்கு முன் பத்தாண்டுக்கு ஒருமுறை வந்த கடும் வெப்பம், ஒரு டிகிரி ஏறிய உலகில் அதே பத்தாண்டில் 2.8 முறை வருகிறது. ஒன்றரை டிகிரியில் 4.1 முறை, இரண்டில் 5.6 முறை. இது உங்கள் 2021 அறிக்கையில் உள்ள கணக்கு. சராசரி கொஞ்சம் நகர்ந்தால் உச்சம் எங்கேயோ போகிறது என்பது இந்த மூன்று எண்களைப் பார்த்தாலே புரிந்துவிடும். அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது: 2011-2020 பத்தாண்டில் உலகச் சராசரி உயர்வு 1.09 டிகிரி, கடல்பரப்பில் 0.88, நிலப்பரப்பில் 1.59. மனிதர்கள் இருப்பது நிலத்தில். சராசரியில் யாரும் குடியிருப்பதில்லை.

அடுத்தது இரவு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வெப்ப அலை என்றதும் தொலைக்காட்சியில் உச்சி வெயிலைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் பகலில் வாங்கிய சூட்டை உடல் இறக்கி வைப்பது இரவில். தோல் பக்கம் ரத்தத்தை அதிகமாக அனுப்பி, வியர்க்க வைத்து, அந்த வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாது, சும்மா வழிந்து சொட்டும். உடம்பில் நீர் குறைந்ததுதான் மிச்சம், சூடு இறங்காது. இதயம் இரவு முழுக்க ஓய்வில்லாமல் ஓடும். ஏற்கெனவே இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவருக்கு அடுத்தடுத்து மூன்று நான்கு இரவுகள் இப்படிப் போனால் போதும். மரணச் சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதுவார்கள், வெப்பம் கணக்கிலேயே வராது.

வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் காட்டும் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 35 டிகிரியைக் காட்டும் வரை மனித உடல் தாங்கும் என்றுதான் முன்பு கணக்கிட்டிருந்தார்கள். பிறகு ஆரோக்கியமான இளைஞர்களை அறையில் வைத்துச் சோதித்துப் பார்த்தபோது, ஈரம் மிகுந்த வெப்பத்தில் 31-ஐ ஒட்டியே உடல் தன் கட்டுப்பாட்டை இழக்க ஆரம்பித்தது. அவர்கள் இளைஞர்கள். வெயிலில் சுமை தூக்குபவரோ, மூச்சுக் கோளாறுள்ள முதியவரோ இல்லை. ஒரு டிகிரி சூடேறினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பது பழைய இயற்பியல் விதி. அதன் ஒரு முனை பெருமழை, மறு முனை இந்தப் புழுக்கமான இரவு. துருவக் கரடி மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, ஆனால் பக்கத்து அறையில் தூங்க முடியாமல் புரளும் பாட்டிதான் இந்தக் கதையின் முதல் ஆள்.

2003-ல் ஐரோப்பாவில் வந்த வெப்பத்தில் 70,000 பேருக்கு மேல் இறந்தார்கள். வசதியான நாடுகள், நல்ல மருத்துவமனைகள். இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள், பலர் தனியாக இருந்தவர்கள். 'உன் தெருவில் தனியாக இருக்கும் முதியவர் யார், அவர் கதவைத் தட்டப்போவது யார்?' என்ற கேள்விக்கு எந்த விஞ்ஞானக் கருவியும் தேவையில்லை. சாதாரண மனிதரின் கவலைக்கு இது எவ்வளவு நல்ல இடம் பாருங்கள்!

கவலையைச் சரியான இடத்தில் வைத்தால் பலன் உண்டா என்று கேட்பவருக்கு வங்கதேசத்தைக் காட்டலாம். 1970-ல் வந்த போலா புயலில் இறந்தவர்கள் குறைந்தது 3 லட்சம் பேர். 1991 புயலில் சுமார் 1,40,000 பேர். 2007-ல் வந்த சித்ர் புயலில் சில ஆயிரம். 2020-ல் ஆம்பன் வந்தபோது அந்த நாட்டில் இறந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. புயல்கள் சாதுவாகிவிடவில்லை. முன்னெச்சரிக்கை, புயல் காப்பகங்கள், ஒலிபெருக்கியோடு வீடு வீடாகப் போன தன்னார்வலர்கள், இவ்வளவுதான். ஏழை நாடாக இருந்துகொண்டே செய்து காட்டினார்கள்.

எதற்குக் கவலைப்பட வேண்டாம் என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நாங்கள் சொன்னால் எடுபடாது. 'இத்தனை ஆண்டுதான் பாக்கி, அப்புறம் எல்லாம் முடிந்தது' என்று நம்பிக் கொண்டு, பிள்ளை பெறுவதற்கே அஞ்சும் இளைஞர்கள் இருக்கிறார்கள். ஒன்றரை டிகிரி ஒரு மலைவிளிம்பு, தாண்டினால் எல்லோரும் விழுந்துவிடுவோம் என்ற எண்ணம் எப்படியோ பரவிவிட்டது. 2024 அந்த அளவைத் தாண்டிய முதல் ஆண்டு என்று உலக வானிலை அமைப்பு அறிவித்ததும் 'இனி என்ன செய்து என்ன' என்ற பேச்சும் கூடவே வந்தது. பாரிஸ் ஒப்பந்தம் பேசுவது நீண்டகாலச் சராசரியை, ஓர் ஆண்டின் அளவை அல்ல. அதையும் தாண்டிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம், 1.7-ல் நிற்பதும் 2.7-ல் நிற்பதும் ஒன்றா?

இன்னொரு நல்ல செய்தியை எங்கே ஒளித்து வைத்தீர்களோ தெரியவில்லை. கரியமில வாயு வெளியேற்றத்தை நிகர பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால், அதாவது வெளியேற்றுவதும் திரும்ப எடுப்பதும் சமமானால், அதனால் ஏறும் வெப்பமும் ஏறக்குறைய அங்கேயே நின்றுவிடும். 'இப்போதே நிறுத்தினாலும் இன்னும் பல பத்தாண்டுகள் ஏறிக்கொண்டேதான் போகும்' என்பதுதான் படித்தவர்களே சொல்லும் கதை. கடல் மட்டம் உயர்வதற்கு அது பொருந்தும், அது நூற்றாண்டுக் கணக்கில் தொடரும். காற்றின் வெப்பத்துக்குப் பொருந்தாது. இது தெரிந்தால் ஒருவருக்குப் பிடிமானம் கிடைக்கும். உங்கள் அறிக்கையில் இது இருக்கிறது, தேடிப் பிடிக்கத் துறை வல்லுநராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாகக் குற்றவுணர்ச்சி. பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலை மறுத்ததோடு கடமை முடிந்தது என்று நினைப்பவரும் உண்டு, ஒரு விளக்கை அணைக்க மறந்ததற்கு வருந்துபவரும் உண்டு. தனிமனிதரின் கார்பன் காலடித்தடத்தை, அதாவது அவர் வாழ்க்கைமுறையால் வெளியேறும் வாயுக்களின் அளவை, கணக்கிடச் சொல்லி 2000-களில் பெரிய விளம்பரம் செய்தது பிபி எண்ணெய் நிறுவனம். விற்பவர் வாங்குபவரிடம் கணக்குக் கேட்ட விந்தை அது. உங்கள் 2022 அறிக்கையின் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது: பூமியைச் சூடாக்கும் வாயுக்களை உலகில் மிக அதிகம் வெளியேற்றும் 10 சதவீதக் குடும்பங்களின் பங்கு, குடும்பங்களின் மொத்த வெளியேற்றத்தில் 34 முதல் 45 சதவீதம், கீழே உள்ள பாதிப் பேரின் பங்கு 13 முதல் 15 சதவீதம். அந்தக் கீழ்ப்பாதியில் இருப்பவரிடம் போய் 'நீயும் குற்றவாளி' என்று சொல்வது அநியாயம். மேலே உள்ள பத்தில் இருப்பவருக்கு, அவர் எந்த நாட்டில் இருந்தாலும், அவர் இடத்தைச் சொல்லிக்காட்டுவதில் தப்பில்லை. அந்தக் கவலை அவருடையது.

இந்தப் பக்கத்தை எழுதுவது சுலபமில்லை என்று எனக்கும் தெரியும். கொள்கை வகுப்போர் சுருக்கத்தை அரசுகளின் பிரதிநிதிகள் வரிவரியாகப் படித்து ஒப்புதல் தர வேண்டும். 2014-ல் எந்த வருமானப் பிரிவு நாடுகள் எவ்வளவு வெளியேற்றுகின்றன என்று காட்டும் வரைபடங்கள் அந்த மேசையில்தான் காணாமல் போயின. ஆகவே நான் கேட்கும் பக்கம் அந்த மேசைக்கே போகக்கூடாது. அந்தச் சுருக்கத்துக்கு ஆதாரமான முழு அறிக்கையில் ஏற்கெனவே உள்ளதை மட்டும் எடுத்து, எழுதிய அறிவியலாளர்களே கையெழுத்திட்டு வெளியிடட்டும். நகரங்களைப் பற்றிய உங்கள் சிறப்பு அறிக்கை 2027-ல் வரவிருக்கிறது. வெப்ப இரவைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது, அங்கேயே தொடங்கலாம்.

அச்சுக்கு அனுப்புமுன் அதை ஒரு செவிலியருக்கும், ஒரு கட்டடத் தொழிலாளிக்கும், ஒரு பள்ளி மாணவிக்கும் அவரவர் மொழியில் படித்துக் காட்டுங்கள். அவர்கள் எந்த வரியில் முகம் சுளிக்கிறார்களோ அந்த வரியைத் திருத்துங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அறிக்கைகளைப் படிக்க முயலும் ஒரு வாசகர்