வீட்டிலுள்ள இரண்டாவது ரவுட்டரையும் கணக்கில் எடுங்கள்

ரவுட்டர் தயாரிப்பவர்களுக்கும், இணைப்போடு சேர்த்து ரவுட்டரையும் தரும் இணையச் சேவை நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

எங்கள் வீட்டில் இரண்டு ரவுட்டர்கள். ஒன்று சேவை நிறுவனம் மாட்டிக் கொடுத்தது. அதன் சிக்னல் பின்னறை வரை எட்டாததால் நானே வாங்கி வைத்தது இன்னொன்று. இப்படி இரண்டு வைத்திருப்பவர்கள் ஏராளம் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் ஃபர்ம்வேர் (ரவுட்டரை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள்) அப்டேட் என்று வந்துவிட்டால், வீட்டுக்கு ஒரே ரவுட்டர்தான் என்ற எண்ணத்தில்தான் எல்லாம் அமைந்திருக்கிறது. அதில் நான் பட்டதைச் சொல்லத்தான் இந்த மடல்.

இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்டாக, அதாவது முதல் ரவுட்டரின் இணைப்பை வைஃபையாகப் பரப்ப மட்டும், பயன்படுத்துகிறேன். அந்த மாடலில் அதற்கென்று தனி மோடு கிடையாது. முதல் ரவுட்டரின் முகவரி 192.168.1.1 என்பதால் இதற்கு 192.168.1.2 கொடுத்தேன். கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் டிஎச்சிபியை நிறுத்தினேன். கேபிளை இணையத்துக்கான வேன் போர்ட்டில் செருகாமல், வீட்டுக் கருவிகளுக்கான லேன் போர்ட்டில் செருகினேன். முகவரி கொடுக்கும் வேலையை முதல் ரவுட்டர் மட்டும் பார்த்துக்கொள்ளும், இரண்டு ரவுட்டர்களும் அடுத்தடுத்து முகவரியை மாற்றும் இரட்டை நாட் தொல்லையும் வராது. நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

அவ்வப்போது அதன் பக்கத்தைத் திறந்து, அப்டேட் இருக்கிறதா என்று பட்டனை அழுத்திப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் 'உங்களிடம் இருப்பதே புதிய பதிப்பு' என்று வரும். நம்பினேன். பல மாதங்கள் கழித்து அந்த நிறுவனத்தின் தளத்துக்கு வேறு வேலையாகப் போனபோதுதான், அதைவிடப் புதிய கோப்பு அங்கே கிடப்பதைப் பார்த்தேன். வேன் போர்ட் காலியாக இருந்ததால், தனக்கு இணையமே இல்லை என்று ரவுட்டர் முடிவு செய்திருக்கிறது. நிறுவனத்தின் சர்வரை அது கேட்கவே இல்லை. கேட்க முடியாதபோது 'சரிபார்க்க முடியவில்லை' என்று காட்டுங்கள். பாதுகாப்பு விஷயத்தில் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வது பெரிய தவறு. அந்த ஒரு வரியை நம்பித்தான் நான் அத்தனை மாதங்கள் பேசாமல் இருந்தேன்.

சரி, கோப்பை நானே இறக்கிப் போடலாம் என்றால், ஒரே மாடல் பெயருக்குக் கீழே வி1, வி2, வி3 என்று மூன்று கோப்புகள். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே சிப்பே மாறியிருக்கும். மாற்றி ஏற்றினால், நல்ல ரவுட்டர் மறுத்துவிடும், மற்றது இயங்காமல் செங்கல்லாகிவிடும். என்னுடையது எது என்று பார்க்க, ரவுட்டரைக் கழற்றிக் கவிழ்த்து, போன் வெளிச்சத்தில் லேபிளின் ஓரத்துப் பொடி எழுத்தைப் படிக்க வேண்டியிருந்தது. லாகின் செய்ததும் முதல் பக்கத்திலேயே அதைப் பெரிதாகக் காட்டலாமே.

வைஃபையை நம்பாமல் கேபிள் போட்டுத்தான் அப்டேட் செய்தேன். அமைப்புகளையும் முன்பே பேக்கப் எடுத்து வைத்திருந்தேன். விளக்குகள் பச்சைக்கு வந்ததும் நிம்மதியாக எழுந்துபோனேன். பத்து நிமிடத்தில் வீட்டில் குரல்கள் கிளம்பின. போனில் நெட் வருகிறது, லேப்டாப்பில் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அதுவே தலைகீழானது. 192.168.1.1-ஐத் திறந்தால் ஒருமுறை முதல் ரவுட்டரின் லாகின் பக்கம் வருகிறது, மறுமுறை இரண்டாவதன் பக்கம்! அப்போதுதான் புரிந்தது: அப்டேட் எல்லா அமைப்புகளையும் அழித்துவிட்டது. ஒரே வீட்டுக்குள் இரண்டு ரவுட்டர்களும் ஒரே முகவரியில் உட்கார்ந்து, இரண்டுமே எல்லாக் கருவிகளுக்கும் முகவரி கொடுத்துக்கொண்டிருந்தன. எடுத்து வைத்த பேக்கப்பைப் புதிய ஃபர்ம்வேர் ஏற்க மறுத்தது. இரண்டுக்கும் நடுவிலுள்ள கேபிளைப் பிடுங்கி, லேப்டாப்பை இரண்டாவதில் மட்டும் சொருகி, எல்லாவற்றையும் முதலிலிருந்து செட் செய்தேன்.

எனக்காவது இது என்னவென்று தெரிந்தது. தெரியாத ஒருவர் என்ன செய்வார்? இனி அப்டேட் பக்கமே போகக் கூடாது என்று முடிவெடுப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

இதைத் தடுப்பது கடினமான காரியமும் இல்லை. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ஃபர்ம்வேர், தன் டிஎச்சிபியைத் தொடங்கும் முன் அதே நெட்வொர்க்கில் வேறு யாராவது முகவரி கொடுக்கிறார்களா என்று கேட்டுப் பார்க்கிறது, இருந்தால் ஒதுங்கிக்கொள்கிறது. தன்னார்வலர்கள் செய்ததை நீங்களும் செய்யலாம். அப்டேட்டால் அமைப்புகள் அழியும் என்றால், பட்டனை அழுத்துவதற்கு முன் சொல்லுங்கள். பழைய ஃபர்ம்வேரின் நகல் ஒன்றையும் உள்ளேயே வைத்திருங்கள், பாதியில் கரண்ட் போனாலும் ரவுட்டர் எழுந்து நிற்கும்.

இரண்டாவது ரவுட்டர் முதலாவதுக்குப் பின்னால்தானே இருக்கிறது, அப்டேட் இல்லாவிட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். வைஃபை சுவருக்கு வெளியேயும் போகிறதே. 2017 அக்டோபரில் வெளியான கிராக் என்ற குறைபாடு, டபிள்யூபிஏ2 எனும் வைஃபை பாதுகாப்பு முறையில் இருந்தது, சிக்னல் எட்டும் தூரத்தில் இருப்பவர் பயன்படுத்தக்கூடியது. வேறொரு ரவுட்டரின் வைஃபையை வாங்கி மீண்டும் பரப்பும் ரிப்பீட்டராக ஓடும் ரவுட்டர்களையும் அது பாதித்தது. 2018-இல் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் குறைந்தது 54 நாடுகளில் 5 லட்சம் கருவிகளையாவது பிடித்திருப்பதாக நெட்வொர்க் நிறுவனமான சிஸ்கோவின் டாலோஸ் பாதுகாப்பு ஆய்வுக் குழு அறிவித்தது. அவற்றில் பெரும்பாலானவை வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்த ரவுட்டர்கள்.

சேவை நிறுவனங்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் ரவுட்டருக்கு நீங்களே இரவில் அப்டேட் அனுப்புவது நல்லதுதான், நிறுத்த வேண்டாம். ஆனால் சொந்த ரவுட்டர் பயன்படுத்துவதற்காக ஒருவர் உங்கள் பெட்டியை பிரிட்ஜ் மோடில் (ரவுட்டர் வேலையை விட்டு, இணைப்பை மட்டும் கடத்தும் நிலையில்) வைத்திருந்தால், அப்டேட்டுக்குப் பிறகும் அது அப்படியே இருக்க வேண்டும். காலையில் எழுந்து, ஏன் இரட்டை நாட் வந்தது என்று அவர் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. முந்தைய நாளே ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் பாதிக் குழப்பம் தீரும்.

அப்புறம், எத்தனை ஆண்டுகள் அப்டேட் தருவீர்கள் என்பதை அட்டைப்பெட்டியின் மேலேயே அச்சிடுங்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், குறைந்தபட்ச அப்டேட் காலத்தை அறிவிப்பது சட்டப்படி கட்டாயம். கருவிகளின் பாதுகாப்புக்கான, ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் அமலுக்கு வருகின்றன. அங்கே சட்டத்துக்காகச் செய்வதை மற்ற எல்லா நாடுகளிலும் சட்டம் வரும்வரை காத்திராமல் செய்யுங்கள்.

என் இரண்டாவது ரவுட்டரின் மேல் இப்போது ஒரு சிறு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: முகவரி 192.168.1.2, ஹார்டுவேர் வி2, கடைசியாக அப்டேட் செய்த தேதி. அடுத்த பதிப்பு வந்ததும் எனக்கு ஒரு மின்னஞ்சல் வரும்படி செய்யுங்கள். வந்த அன்றே ஏற்றிவிடுகிறேன்.

இப்படிக்கு,
இரண்டு ரவுட்டர் வைத்திருக்கும் ஒரு பயனர்