சொல்லித்தருபவர்கள் கூடிப் பேச மாதம் ஒரு நாள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தையல் கடை வைத்திருக்கிறேன். மாலையில், புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் பதினோரு பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தருகிறேன். சம்பளம் கிடையாது, அது தெரிந்துதான் வந்தேன். நான் கேட்பது வேறு.

என் வகுப்பில் அறுபதைத் தாண்டிய அக்கா ஒருவர் இருக்கிறார். நூறு நாள் வேலை முடித்த கையோடு வந்துவிடுவார். கரும்பலகையில் எழுதினால் டக்கென்று சொல்வார். புத்தகத்தைக் கொடுத்தால் வாயே திறக்க மாட்டார். "எனக்கு மண்டையில ஏறல தாயி" என்பார். இரண்டு மாதம் இப்படியே போனது. இனி வராது என்று நானும் விட்டுவிட்டேன். ஒருநாள் டவுன் பஸ்ஸில் பக்கத்து ஊர்த் தன்னார்வலரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "புத்தகத்தைத் தள்ளிப் பிடிக்கிறாங்களா?" ஆமாம், கை எட்டும் மட்டும் தள்ளித்தான் பிடித்தார். வெள்ளெழுத்து! கண்ணாடி வந்த வாரமே, ரேஷன் கடைப் பலகையில் து, வ, ர, ம் என்று எழுத்துக் கூட்டிப் பருப்பு வரைக்கும் வந்துவிட்டார். அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இன்னமும் மனசு கேட்கவில்லை.

இது பஸ்ஸில் தற்செயலாகத் தெரிய வேண்டிய விஷயமா? எங்களுக்கு நடந்த பயிற்சி ஒரே நாள். அதிலும் பாதி நேரம் கையேட்டை வாசித்துக் காட்டியதில் போய்விட்டது.

1991இல் இதே மாவட்டத்தில், எல்லோருக்கும் எழுதப் படிக்கச் சொல்லித்தர அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். ஊர் ஊராகப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். நானும் அப்போது பழகியவள்தான். எங்கள் பகுதியில் சொல்லித்தருகிறவர்கள் வாரம் ஒருமுறை கூடுவோம். யார் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார், ஏன் நிறுத்தினார், எந்த எழுத்தில் தடுக்குகிறது, எல்லாம் பேசுவோம். நான் சொல்லித்தரக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

இப்போது எழுத்தோடு, செல்போனும் பணப் பரிமாற்றமும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும். ஓடிபி எண்ணை ஏன் யாருக்கும் சொல்லக் கூடாது என்று வகுப்பில் கேட்டார்கள். என் மகளிடம் கேட்டுக்கொண்டு போய், மறுநாள்தான் பதில் சொன்னேன். மகள் இல்லாத தன்னார்வலர் யாரிடம் போவார்?

திட்டம் 2027 வரை இருக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல், ஒன்றியத்துக்கு ஓர் இடத்தில் எங்களைக் கூட வையுங்கள். மேடையும் பேச்சாளரும் வேண்டாம். ஒருமுறை கண் பரிசோதகர், ஒருமுறை வங்கி ஊழியர் வந்தால் போதும். மற்ற நாளில் நாங்களே பேசிக்கொள்வோம். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம், அதனால் செலவு டீக்கு மட்டும்தான். வகுப்பறை தர எங்கள் ஊர்த் தலைமையாசிரியர் சம்மதித்துவிட்டார். சாவியை முதல் நாளே வாங்கிவைத்து, கூட்டிப் பெருக்கி வைப்பது என் பொறுப்பு.

இப்படிக்கு,
தன்னார்வலர் ஒருவர்,
புதுக்கோட்டை மாவட்டம்