பச்சை டாங்கி

மட்டக்களப்பு

அன்பு மகனுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் நலத்தையும் மருமகள், பேத்தி ஆகியோரின் நலத்தையும் அறிய ஆவல்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பேசியபோது, நாம் விளையாடிய அந்தப் பழைய டாங்கி விளையாட்டு உன் கையடக்கத் தொலைபேசியிலேயே கிடைத்துவிட்டது என்றும், ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் அதில் மனம் ஒட்டவில்லை என்றும், சிறு வயதில் அதை ஏன் அவ்வளவு பெரிதாக நினைத்தோம் என்று விளங்கவில்லை என்றும் சொன்னாய். எனக்கு அப்போது பதில் வரவில்லை. மூன்று நாளாக அதே நினைவாக இருப்பதால் எழுதுகிறேன்.

போர்நிறுத்தம் வந்த 2002ஆம் ஆண்டில், கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்திருந்த அப்பா கல்முனைக் கடைத்தெருவில் அந்த ரீவி கேமை வாங்கிவந்தார். அது 1983இல் ஜப்பானில் வெளிவந்த ஃபமிகொம் என்ற விளையாட்டுப் பெட்டியின் நகல் என்பது நீ படித்து வேலைக்குப் போன பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதில் செருகும் கசெட்டின் மேல் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் என்று அச்சிட்டிருந்தார்கள். உள்ளே சில விளையாட்டுகளே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வந்தன. அவற்றுள் பற்றில் சிற்றி (Battle City) என்ற இந்த டாங்கி விளையாட்டு ஒன்றுதான் நம் வீட்டில் நிலைத்தது. ஒரு மாதத்தில் அப்பா திரும்பிப் போய்விட, அவர் வைத்துவிட்டுப் போன இரண்டாவது றிமோட்டை நீ என் கையில் தந்தாய். உனக்கு அப்போது ஒன்பது வயது.

அம்மம்மாவுக்கு அது அறவே பிடிக்கவில்லை. வீதியில் இராணுவ வாகனத்தின் ஓசை கேட்டால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடிய மனுசி அவர். அதே ஓசை வீட்டுக்குள்ளிருந்து வருவதை எப்படிப் பொறுப்பார்? தொடக்கத்தில் ஒரு சிறு இசை, அதன்பின் எந்திர இரைச்சல் மட்டும். அவருக்காகவே ஒலியைக் குறைத்து வைத்து விளையாடினோம். எனக்கும் முதலில் தயக்கம் இருந்தது. ஆனால் அந்தத் திரையில் மனிதர் எவரும் இல்லை. செங்கற்சுவரும், இரும்புச்சுவரும், தண்ணீரும், மரமும், அடியில் நடுவே ஒரு கழுகும்தான். தங்கச்சி அதைக் கோழிக்குஞ்சு என்று சொல்லப்போய், பிறகு வீட்டில் எல்லோருக்கும் அது கோழிக்குஞ்சாகவே ஆகிவிட்டது. அம்மம்மாகூட அடுக்களையில் இருந்தபடி, “குஞ்சு தப்பிட்டுதா?” என்று கேட்கத் தொடங்கினார்.

ஒவ்வொரு கட்டத்திலும் மேலிருந்து இருபது டாங்கிகள் வரும். குஞ்சைச் சுற்றி இருப்பது ஒரு வரிசைச் செங்கல் மட்டுமே. நம் இருவரிடமும் எத்தனை உயிர் மிச்சமிருந்தாலும், ஒரு குண்டு குஞ்சின் மேல் பட்டால் எல்லாம் முடிந்துவிடும்; அது நாம் சுட்ட குண்டாக இருந்தாலும் அப்படியே. ஒருநாள் அவசரத்தில் நானே அதைச் சுட்டுவிட்டேன். பதினெட்டாம் கட்டமோ என்னவோ, அவ்வளவு தூரம் வந்திருந்தோம். நீ என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தொடக்கப் பொத்தானை அழுத்தினாய்.

உன் குணத்தை நான் முதன்முதலாகக் கண்டது அந்த விளையாட்டில்தான். மின்னும் டாங்கியை அடித்தால் ஏதாவது ஒரு பரிசு தோன்றும். நட்சத்திரத்தை எடுத்தால் குண்டின் வேகம் கூடும். மூன்று எடுத்தால் இரும்புச்சுவரும் உடையும். உன் வயதுப் பிள்ளைகள் அதற்காகத்தான் பாய்வார்கள். நீயோ, “நீங்க எடுங்கம்மா” என்று எனக்கு விட்டுவிட்டு, மண்வெட்டி எப்போது வரும் என்று பார்த்திருப்பாய். அதை எடுத்தால் குஞ்சைச் சுற்றியுள்ள செங்கல் சிறிது நேரத்துக்கு இரும்பாக மாறும். உன் மஞ்சள் டாங்கி சுவரை விட்டு அதிக தூரம் போனதில்லை. தகப்பன் தூர தேசத்தில் இருக்கும் வீட்டில் மூத்த பிள்ளை இப்படித்தான் வளர்கிறதோ என்று ஓர் இரவு நெடுநேரம் உறக்கமின்றிப் படுத்திருந்தேன்.

நாமே நிலப்படம் வரையும் பகுதியையும் மறந்திருக்கமாட்டாய். திரையின் குறுக்கே நீ தண்ணீரை நிரப்பி அது வாவி என்றாய்; ஒரே இடத்தில் மட்டும் செங்கல் வைத்து அது கோட்டைமுனைப் பாலம், கீழே இருப்பது புளியந்தீவு, குஞ்சு இருக்கும் இடம் நம் வீடு என்றாய். பாலத்தடியில் இருவரும் நின்றுகொண்டால் எவரும் வரமுடியாது என்பது உன் கணக்கு. ஆனால் தண்ணீர் டாங்கியைத் தடுக்குமே தவிரக் குண்டைத் தடுக்காது என்பதை முதல் ஆட்டத்திலேயே கண்டுகொண்டோம். அந்தக் கசெட்டில் எதையும் சேமித்து வைக்க வழியில்லை. மின்சாரம் நின்றால் வாவியும் பாலமும் போய்விடும். அது வந்ததும் நீ முதலிலிருந்து வரைவாய். ஒவ்வொரு முறையும் பாலத்தைச் சற்று நகர்த்தினாய் என்பதை நான் கவனித்திருக்கிறேன்.

ஒரு மார்கழி விடுமுறையில் முப்பத்தைந்தாம் கட்டத்தையும் கடந்தோம். வாழ்த்துச் செய்தியோ, வாணவேடிக்கையோ வரும் என்று நீ காத்திருக்க, முதற்கட்டத்தின் அதே படம் மறுபடி வந்து நின்றது. 1985இல் அதை வெளியிட்ட நம்கோ நிறுவனம் முடிவு என்று ஒன்றை வைக்கவில்லை. நீ வாடிப்போவாய் என்று பயந்தேன். நீ றிமோட்டைக் கீழே வைக்காமல், “அப்ப இன்னும் விளையாடலாம்” என்றாய். அந்தக் குரல் இன்றும் என் காதில் இருக்கிறது.

அந்த விளையாட்டு முழுவதும் 24 கிலோபைட்டுக்குள் அடங்கியது என்று நீயே ஒருமுறை வியந்து சொன்னாய். பேத்தியின் ஒரு புகைப்படத்தை அனுப்பினாலே அதைவிடப் பல மடங்கு இடம் வேண்டுமாமே. அவ்வளவு சிறியதற்குள் இரண்டு பேர் உட்கார இடம் வைத்திருந்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கைத்தொலைபேசியில் நீ தனியாக விளையாடியிருக்கிறாய். நட்சத்திரத்தை யாருக்கு விட்டுக்கொடுத்தாய்? நீ முன்னே போனபோது குஞ்சின் அருகில் யார் நின்றது? உன் மனம் ஒட்டாமற்போனதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

எனவே ஒன்று செய். தொலைக்காட்சியில் இணைத்து இரண்டு றிமோட்டில் விளையாடும் வசதி இப்போதும் இருக்கும். உன் தொழிலில் இருப்பவனுக்கு அது கடினமாக இராது. பேத்தியைப் பக்கத்தில் இருத்து. மஞ்சள் டாங்கியை அவளிடம் கொடு. அவள் எங்கே போக விரும்புகிறாளோ போகட்டும், நட்சத்திரங்களை எடுக்கட்டும், தவறி உன்னைச் சுட்டு நீ அசையாமல் மின்னிக்கொண்டு நின்றாலும் ஒன்றும் சொல்லாதே. வலப்பக்கத்தில் நான் ஓட்டிய பச்சை டாங்கி உனக்கு.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா