ரகசிய எண்ணைக் கிணற்றடியில் நின்று கத்துகிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

‘ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று சென்ற இதழில் ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன, ஏனென்றால் அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் அம்மா அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நின்றுகொண்டு தன் ஓடிபியைத் தெருவுக்கே கேட்கும்படி எனக்குக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு 74 வயது, காது மந்தம். காது மிஷின் வாங்கலாம் என்று நான் நச்சரித்து ஒருவழியாகச் சம்மதித்தாள், ஆனால் ஒரு நிபந்தனை: “எங் காதுக்கு எங் காசு.” அப்பா இறந்தபிறகு வரும் குடும்ப ஓய்வூதியத்தில் சேர்த்து வைத்த பணம் வங்கியில் இருக்கிறது, அதற்கு ஒரு ஏடிஎம் கார்டும் இருக்கிறது. நான் இருப்பது அம்பத்தூரில். டாக்டர் சொன்ன மாடல் ஆன்லைனில் 18,500 ரூபாய். கார்டு நம்பர், காலாவதித் தேதி, பின்னால் இருக்கும் மூன்று எண் எல்லாம் என் டைரியில் உண்டு (இதுவும் கூடாதுதான், தெரியும்). சரி, ஐந்து நிமிட வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன்.

முதலில் கார்டே வேலை செய்யவில்லை. புதிதாகவோ புதுப்பித்தோ கொடுக்கும் கார்டுகளை உள்நாட்டு ஏடிஎம்முக்கும் கடையில் தேய்ப்பதற்கும் மட்டும் திறந்து கொடுக்க வேண்டும், ஆன்லைன் வேண்டுமென்றால் வாடிக்கையாளரே திறந்துகொள்ள வேண்டும் என்று 2020-ல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. அம்மாவின் கார்டு போன வருஷம் புதுப்பித்து வந்தது. திறக்க வங்கியின் ஆப் வேண்டும், அந்த ஆப்புக்கு அதே போனில் அம்மாவின் சிம் இருக்க வேண்டும், அம்மாவிடம் இருப்பதோ பட்டன் போன். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சிம்மைக் கழற்றி என் போனில் போட்டுத் திறந்தேன். ஏடிஎம்மிலேயே திறந்திருக்கலாம் என்று அப்புறம் வங்கியில் ஒருவர் சொன்னார். அதை முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

திரும்பி வந்து மறுபடி முயன்றேன். இங்கே திரையில் மூன்று நிமிடம் ஓட ஆரம்பிக்கிறது. அங்கே வீட்டுக்குள் சிக்னல் கிடையாது, அதனால் அம்மா கிணற்றடிக்குப் போக வேண்டும். பேசிக்கொண்டே மெசேஜைப் பார்க்க அவளுக்குத் தெரியாது. ஆகவே நான் போனை வைத்துவிடுவேன், அவள் மெசேஜைத் தேடி எடுத்து, நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி, என்னைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். “ஆறு... ஏழு... எய்யா, இது ஒண்ணா ஏழா தெரியலய்யா.” நேரம் முடிந்துவிட்டது. மறுபடி அனுப்பச் சொன்னேன். இரண்டாவது மெசேஜ் வந்ததும் அவள் முதல் மெசேஜைப் படித்தாள். அதற்கடுத்த தடவையும் தப்பு. மூன்று முறை தவறிப்போனதால் 24 மணி நேரத்துக்கு ஆன்லைன் செலவு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்று வங்கி சொல்லிவிட்டது. யாரிடமிருந்து யாரைக் காப்பாற்றுகிறார்கள் என்று புரியவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண்ணை உதவிக்கு வைத்துக்கொண்டோம். அவள் சட்டென்று படித்துச் சொன்னாள், நான் போட்டேன், சக்கரம் சுற்றியது, பக்கம் வெள்ளையாக நின்றுபோனது. பணம் கணக்கிலிருந்து போய்விட்டது, கடையில் ஆர்டர் இல்லை. இப்படிப் போன பணம் ஐந்து நாளைக்குள் தானாகவே திரும்பி வந்துவிட வேண்டும், அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நாம் கேட்காமலேயே தரவேண்டும் என்று 2019-ல் ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. எங்களுக்குப் பணம் ஒன்பதாம் நாள் வந்தது. நானூறு ரூபாய் இன்னும் வரவில்லை. கேட்டு எழுதிய மெயிலுக்கு, ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’ என்று ஒரு பதில் வந்தது.

நானூறு போகட்டும். நான் எழுத வந்தது வேறு. சோதனையே தேவையில்லை என்று சொல்கிற ஆள் இல்லை நான். 2009 ஆகஸ்ட் வரைக்கும் நம் நாட்டில் கார்டைப் பார்த்து நாலு விவரம் எழுதிக்கொண்ட எவனும் ஆன்லைனில் செலவு செய்துவிடலாம் என்ற நிலைமைதான். கார்டில் அச்சிடாத ஒரு விவரத்தையும் கேட்டாக வேண்டும் என்று அப்போதுதான் கட்டாயமானது. முதலில் நாமே வைத்துக்கொண்ட பாஸ்வேர்டு, அப்புறம் எஸ்எம்எஸ். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் இன்றைக்கும் ஓடிபி இல்லாமலே பணம் போவதைப் பார்க்கும்போது நம் ஏற்பாடு எவ்வளவோ தேவலை என்றுதான் தோன்றுகிறது.

ஆனால் இந்த ஏற்பாடு செய்தவர்கள் மனதில் இருந்த ஆள் யார்? தன் கார்டு, தன் போன், நல்ல சிக்னல், ஆங்கிலம் படிக்கத் தெரிந்த கண். எங்கள் தெருவில் அப்படி எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன், ஒரு கை விரல்கள் போதும். மற்ற வீடுகளில் கணவனின் நம்பருக்கு மனைவியின் ஓடிபி போகிறது, துபாயில் இருக்கும் மகனின் நம்பருக்கு அப்பாவின் ஓடிபி போகிறது, பேரனுக்குத் தாத்தா வாசித்துக் காட்டுகிறார். சொல்லாதே என்று எழுதிய எண்ணைச் சொன்னால்தான் வேலை நடக்கும். இத்தனை வருஷமாக ஒரு தலைமுறைக்கே நாம் கொடுத்திருக்கும் பயிற்சி இது: போனில் ஒரு குரல் கேட்கும், மெசேஜில் ஒரு நம்பர் வரும், உடனே வாசித்துவிட வேண்டும். திருடனுக்கு வேறென்ன வேண்டும்?

அந்த எச்சரிக்கையாவது தமிழில் வருகிறதா? அம்மா தினமும் பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பவள், தமிழில். அவளுக்கு வரும் மெசேஜ் முழுக்க ஆங்கிலம். அதில் அவளுக்குப் புரிவது அந்த ஆறு எண் மட்டும்தான், யாரிடமும் சொல்லாதே என்பது அவளைப் பொறுத்தவரை ஏதோ கோடு. எவ்வளவு பணம், எந்தக் கடைக்கு என்பதும் அப்படியே. இதற்கப்புறம் பணம் போனால், வாடிக்கையாளரே ரகசிய விவரத்தைக் கொடுத்திருந்தால் வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை ஏற்படும் முழு நஷ்டமும் அவர் தலையில்தான் என்று 2017-ல் வந்த சுற்றறிக்கையைக் காட்டுவார்கள். அதே சுற்றறிக்கையில், நம் மீதும் வங்கி மீதும் தப்பில்லாமல் நடந்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு ஒரு பைசா நஷ்டமில்லை என்றும் இருக்கிறது. அந்தப் பகுதியை எந்த வங்கியின் சுவரிலும் நான் பெரிய எழுத்தில் பார்த்ததில்லை.

எஸ்எம்எஸ் ஓடிபி ஒன்றே வழி என்று இருக்கவேண்டியதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2025 செப்டம்பரில் புதிய விதிகள் வெளியிட்டது, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. நல்லது. ஆனால் எனக்குச் சந்தேகம், வங்கிகள் உடனே ஓடுவது கைரேகை, முகம், ஆப் என்று ஸ்மார்ட்போன் பக்கமாகத்தான் இருக்கும். பட்டன் போன்காரர்களுக்கு, கூப்பிட்டுத் தமிழில் ‘இன்ன கடைக்கு இவ்வளவு ரூபாய், சம்மதம் என்றால் ஒன்றை அழுத்துங்கள்’ என்று கேட்டால் என்ன குறைந்துவிடும்? மூன்று நிமிடத்தைப் பத்து நிமிடமாக்கினால்? யுபிஐயில் ‘சர்க்கிள்’ என்று 2024-லேயே ஒன்று வந்தது, நம் கணக்கிலிருந்து வீட்டு ஆள் ஒருவர் மாதம் 15,000 ரூபாய் வரை செலவழிக்க நாமே அனுமதி கொடுத்துவிடலாம். அதற்கு அம்மாவிடம் ஸ்மார்ட்போன் வேண்டும், அதுதான் இல்லை. அதே அனுமதியை வங்கிக் கவுன்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கார்டுக்கும் கொடுத்தால், ஓடிபி என் போனுக்கே வரும், அம்மா கிணற்றடிக்குப் போக வேண்டாம், யாருக்கும் எதையும் வாசிக்கவும் வேண்டாம்.

காது மிஷினை நான் கடைசியில் என் கார்டிலேயே வாங்கினேன். பணத்தை ஊருக்கு வரும்போது எண்ணித் தருவதாக அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மிஷின் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒருவன் அவளைக் கூப்பிட்டிருக்கிறான். கார்டு முடங்கப்போகிறது, ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கள் என்று. நம்பரும் வந்திருக்கிறது. இவளுக்கு அவன் பேசியது பாதி கேட்கவில்லை. “சத்தமாப் பேசுய்யா” என்று நாலு தடவை சொல்லியிருக்கிறாள், அவனே சலித்துப்போய் வைத்துவிட்டான். நான் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குக் கூப்பிட்டுச் சொன்னேன், கார்டையும் நிறுத்திவிட்டோம்.

இப்போது மிஷின் மாட்டியிருக்கிறாள். எல்லாம் நன்றாகக் கேட்கிறதாம். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
அம்பத்தூர்.